போனவர்கள் 4 பேர். 13 வருடம் கழித்துக் கிடைத்தது எலும்பு! பாலைவன மலை சொல்லும் பாடம்

பச்சை நிற வேன் ஒன்று. மூன்று டயரில் காற்று இல்லை. சக்கரம் மணலில் புதைந்து கிடந்தது. உள்ளே ஆள் இல்லை. சுற்றுமுற்றும் பார்த்தால் கல், மணல், மொட்டை மலை. அவ்வளவுதான்.

1996-ம் வருடம் அக்டோபர் மாதம். இடம், அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள "டெத் வேலி" தேசியப் பூங்கா. தமிழில் சொன்னால் "மரணப் பள்ளத்தாக்கு".

பூங்கா என்றதும் பூச்செடியும் ஊஞ்சலும் நினைவுக்கு வரும். இது அந்த ரகம் இல்லை. 13 ஆயிரம் சதுர கிலோ மீட்டருக்கு மேல் பரந்து கிடக்கும் பாலைவனம். நடுவே கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே ஒரு பள்ளம். அதற்கு எதிரே 3 ஆயிரத்து 368 மீட்டர் உயரத்தில் மலைச்சிகரம். அதிகாரபூர்வக் கணக்குப்படி உலகத்திலேயே அதிக வெயில் பதிவானதும் இங்கேதான். 1913-ம் வருடம் ஜூலை 10-ந் தேதி, 56.7 டிகிரி செல்சியஸ்!

அப்படிப்பட்ட இடத்தின் தெற்கு மூலையில், ஜீப்பே தடுமாறும் ஒரு மலை இடுக்கில், சாதாரண வேனுக்கு என்ன வேலை? வேறு வேலையாக ஹெலிகாப்டரில் பறந்த பூங்கா காவலர் ஒருவர் கண்ணில் அது பட்டது. நம்பரை வைத்து விசாரணை நடந்தது.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வாடகைக்கு எடுத்த வண்டி. எடுத்தவர்கள் ஜெர்மனியில் இருந்து சுற்றுலா வந்த 4 பேர். ஒரு வாலிபர், அவருடைய காதலி, ஆளுக்கு ஒரு மகன். சின்னவனுக்கு வயது 4. ஜூலை மாதமே விமானம் ஏறி ஊர் திரும்பி இருக்க வேண்டியவர்கள். திரும்பவில்லை.

3 மாதம் வீண்

உடனே தேடுதல் வேட்டை தொடங்கியது. 200-க்கும் மேற்பட்டோர் இறங்கினார்கள். ஹெலிகாப்டர் பறந்தது. குதிரைகளில் போய்ப் பார்த்தார்கள். வேனுக்குச் சற்று தூரத்தில், ஒரு புதர் நிழலில் ஒரு பீர் பாட்டில் மட்டும் கிடைத்தது. வேறு துப்பு இல்லை. நாலு பேர் கதி என்ன? மர்மம் நீடித்தது.

இங்கே ஒரு விஷயத்தை கவனிக்க வேண்டும். நாலு பேரும் காணாமல் போனது ஜூலையில். வண்டி கண்ணில் பட்டது அக்டோபரில். நடுவில் 3 மாதம். இந்த 3 மாதமும் அந்த மலை இடுக்கில் யாரும் தேடவில்லை. ஏன்?

அவர்கள் அங்கே போனது யாருக்கும் தெரியாது!

ஜெர்மனியில் உறவினர்களுக்குத் தெரிந்தது, "அமெரிக்கா போயிருக்கிறார்கள்" என்பதுதான். அமெரிக்கா என்ன நாலு தெருவா? கலிபோர்னியா ஒன்றே ஒரு தேசம் அளவுக்குப் பெரியது. எங்கே போய்த் தேடுவது? மலையில் ஒரு பழைய சுரங்க முகாமில் வருகைப் பதிவு நோட்டு ஒன்று இருந்தது. அதில் நாலு பேர் பெயரும் இருந்தது. கணவாய் வழியாகப் போகிறோம் என்று எழுதியும் இருந்தார்கள். ஆனால் ஆள் போகாத இடத்தில் இருக்கும் நோட்டை யார் புரட்டிப் பார்ப்பது? எழுதியவர்கள் காணவில்லை என்று தெரிந்தால்தானே நோட்டைத் தேடிப் போவார்கள்?

எலும்பு கிடைத்தது

வருடங்கள் ஓடின. வழக்குக் கட்டு தூசி படிந்தது. ஆனால் ஒருவர் மட்டும் விடவில்லை. ஓய்வு பெற்ற என்ஜினீயர். மலையில் சிக்கியவர்களை மீட்கும் தொண்டர் குழுவில் இருப்பவர். பழைய குறிப்புகளை எல்லாம் தோண்டி எடுத்தார். "நான் அந்த ஆளாக இருந்தால் என்ன செய்திருப்பேன்?" என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக் கொண்டார்.

அவர் போட்ட கணக்கு இதுதான்:-

நாலு பேரும் மலைக் கணவாயைத் தாண்டி மேற்கே போகப் பார்த்திருக்க வேண்டும். பாதை கரடுமுரடு. வேன் ஏறவில்லை. வந்த வழியே திரும்பி இருந்தால் தப்பித்திருப்பார்கள். அதற்குப் பதில் குறுக்கு வழி என்று நினைத்து, கைவிடப்பட்ட பழைய பாதை ஒன்றில் வண்டியை விட்டார்கள். டயர் போனது. வண்டி சிக்கியது.

பிறகு வரைபடத்தைப் பார்த்திருப்பார்கள். தெற்கே கடற்படையின் ஆயுத சோதனைத் தளம். அதன் எல்லைக்கோடு வரைபடத்தில் தெளிவாக இருக்கிறது. ராணுவ இடம் என்றால் முள்வேலி இருக்கும், காவல் இருக்கும், ரோந்து வண்டி வரும். ஐரோப்பாவில் இருந்து வந்தவர்கள் அப்படித்தானே நினைப்பார்கள்? அந்த நம்பிக்கையில் தெற்கே நடந்திருக்க வேண்டும்.

ஆனால் அங்கே வேலி இல்லை. காவல் இல்லை. வரைபடத்தில் போட்ட கோடு தரையில் இல்லை. அதே கல், அதே மணல்.

2009-ம் வருடம் நவம்பர் மாதம் அந்த என்ஜினீயரும் நண்பர் ஒருவரும் தெற்குத் திசையில் நடந்து தேடினார்கள். மனித எலும்புகள் கிடைத்தன. பக்கத்தில் அந்தப் பெண்ணின் அடையாள அட்டையும் இருந்தது. 13 வருட மர்மம் உடைந்தது. பெரியவர்கள் இரண்டு பேர் முடிவு தெரிந்துவிட்டது. குழந்தைகளின் முடிவு மட்டும் உறுதியாகத் தெரியவில்லை.

கொள்ளையன் இல்லை. கொலைகாரன் இல்லை. மிருகம் இல்லை. பிறகு நாலு உயிரை வாங்கியது எது?

ஒரு மணிக்கு ஒரு லிட்டர்

முதல் குற்றவாளி வெயில்.

பாலைவன வெயிலில் மலை ஏறுகிறவர் உடம்பில் இருந்து மணிக்கு ஒரு லிட்டர், அதற்கு மேலும் வியர்வை போகும். போவதே தெரியாது. காற்று அவ்வளவு வறட்சி; வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். சட்டை நனையாது. "எனக்கு வியர்க்கவே இல்லையே" என்று ஆள் தெம்பாக நடப்பார். உள்ளே தண்ணீர் வற்றிக் கொண்டிருக்கும்.

இரண்டாம் உலகப் போர் காலத்தில் அமெரிக்க ராணுவத்துக்காக அடால்ப் என்ற உடலியல் நிபுணர் கலிபோர்னியா பாலைவனத்திலேயே சிப்பாய்களை வைத்து சோதனை நடத்தினார். முடிவுகள் 1947-ம் வருடம் புத்தகமாக வந்தன. ராணுவத்தில் அதுவரை ஒரு எண்ணம் இருந்தது. தண்ணீரைக் குறைத்துக் குடித்துப் பழகினால் உடம்பு பழகிவிடும் என்பதுதான் அது. அடால்ப் அதைத் தூள் தூளாக்கினார். உடம்பு பழகாது. குடிக்காமல் பாட்டிலில் மிச்சம் பிடிக்கிற தண்ணியால் பிரயோசனம் இல்லை. வயிற்றுக்குள் போன தண்ணிதான் காப்பாற்றும். பாட்டிலில் தண்ணீர் மிச்சம் இருக்கும்போதே செத்துக் கிடந்தவர்கள் உண்டு.

அப்படியானால் மிச்சம் பிடிக்க வேண்டியது எதை? வியர்வையை! நிழலில் உட்கார். சட்டையைக் கழற்றாதே. வெயில் சாய்ந்த பிறகு நட. சுமார் 49 டிகிரி வெயிலில் தண்ணீர் இல்லாமல் நிழலில் அசையாமல் கிடந்தால் ஏறக்குறைய 2 நாள் தாங்கலாம் என்பது அடால்ப் கணக்கு. எழுந்து நடந்தால் அதில் பாதிதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. வெறும் தண்ணீரை மட்டும் மடமடவென்று குடித்துக் கொண்டே இருந்தாலும் ஆபத்துதான். வியர்வையோடு உப்பும் போகிறது. தண்ணீர் ஏறி, உப்பு இறங்கினால் தலைவலி, வாந்தி, குழப்பம், கடைசியில் வலிப்பு வரை போகும். அதனால் தண்ணீரோடு உப்பு சேர்ந்த தின்பண்டமும் பையில் வேண்டும்.

கள்ளிச்செடியை வெட்டினால் தண்ணீர் கொட்டும் என்பது சினிமாக் கதை. பல கள்ளிகளின் சாறு வாந்தியைத்தான் கிளப்பும். இருக்கிற தண்ணியும் வெளியே வந்துவிடும்.

ஓட்டப் பந்தய வீராங்கனைக்கே கதி இது

"நமக்கு உடம்பு கல்லு மாதிரி. வெயில் என்ன செய்யும்?" என்று கேட்கிற வாலிபர்கள் உண்டு.

2004-ம் வருடம் ஜூலை மாதம். அரிசோனா மாநிலத்தில் "கிராண்ட் கேன்யன்" என்ற ராட்சதப் பள்ளத்தாக்கு. 24 வயது மருத்துவ மாணவி ஒருவர் நண்பர் ஒருவருடன் உள்ளே ஓட இறங்கினார். சாதாரணப் பெண் இல்லை. 3 மாதத்துக்கு முன்புதான் பாஸ்டன் மாரத்தானில் 42 கிலோ மீட்டரை மூன்று மணி நேரம் சொச்சத்தில் ஓடி முடித்தவர். ஒரே நாளில் சுமார் 43 கிலோ மீட்டர் ஓடத் திட்டம். கையில் இருந்த தண்ணீர் ஒன்றரை லிட்டர்தான். தண்ணீர் தீர்ந்தது. உடம்பில் ஈரம் வற்றி பரிதாபமாக இறந்தார்.

கிராண்ட் கேன்யன் ஒரு தலைகீழ் மலை. மற்ற மலையில் முதலில் ஏறுவோம். மூச்சு வாங்கினால் திரும்பிவிடுவோம். இங்கே முதலில் இறக்கம். காலை நேரம், குளுகுளு காற்று, ஜாலியாக இறங்கிப் போகலாம். கீழே போகப் போக வெயில் கூடும். விளிம்பைவிட அடிவாரத்தில் 11 டிகிரி வரை அதிகம். அங்கே போன பிறகுதான் ஏற்றம் ஆரம்பம்! களைத்த கால், காலி பாட்டில், உச்சி வெயில். மூன்றும் ஒன்று சேரும். இறங்குவது உன் இஷ்டம். ஏறுவது உன் இஷ்டம் இல்லை.

1996-ம் வருடக் கோடையில் அங்கே வெயிலுக்கு அடுத்தடுத்து பலர் பலியானார்கள். அடுத்த வருடமே பூங்கா நிர்வாகம் விழித்துக் கொண்டது. விழுந்தபின் தூக்குவதைவிட விழாமல் தடுப்பது மேல் என்று, பாதையிலேயே காவலர்களை நிறுத்தியது. "எங்கே போறீங்க? தண்ணி எவ்வளவு இருக்கு? சாப்பிட என்ன வச்சிருக்கீங்க?" என்று விசாரிப்பதுதான் அவர்கள் வேலை. கோடையில் காலை 10 மணியில் இருந்து மாலை 4 மணி வரை நடக்காதே என்கிறார்கள். ஆற்றுக்கு இறங்கி ஒரே நாளில் திரும்பி ஏறப் பார்க்காதே என்றும் எச்சரிக்கிறார்கள்.

ஹெலிகாப்டரும் இறங்காது

"சிக்கிக்கிட்டா ஹெலிகாப்டர் வராதா?"

வரும். ஆனால் இறங்க முடியாத நேரமும் உண்டு.

2024-ம் வருடம் ஜூலை 20-ந் தேதி. அதே மரணப் பள்ளத்தாக்கு. பெல்ஜியம் நாட்டில் இருந்து வந்த ஒரு சுற்றுலாப் பயணி மணல் மேட்டில் நடந்து கொண்டிருந்தார். காலில் சாதாரண ரப்பர் செருப்பு. அது அறுந்ததோ, மணலில் கழன்றதோ, வெறுங்காலில் நிற்கும்படி ஆயிற்று. அன்றைய வெயில் 50 டிகிரிக்கு மேல். காற்றுக்கே அது என்றால் தரைக்கு எவ்வளவு? 1972-ம் வருடம் ஒரு ஜூலை நாளில் அங்கே தரைச் சூட்டை அளந்தார்கள். 94 டிகிரி! தண்ணீர் கொதிக்க இன்னும் 6 டிகிரிதான் பாக்கி.

அந்தப் பயணியின் பாதம் வெந்துவிட்டது. ஹெலிகாப்டரை அழைத்தார்கள். ஆனால் சூட்டில் காற்று லேசாகிவிடும். லேசான காற்றில் ஹெலிகாப்டர் சிறகுக்குப் பிடிமானம் கிடைக்காது. அங்கே இறங்க முடியவில்லை. கூட இருந்தவர்கள் தூக்கிக் கொண்டு வந்தார்கள். ஆம்புலன்சில் ஏற்றி, குளிர்ச்சியான மேட்டு இடத்துக்குக் கொண்டு போன பிறகுதான் ஹெலிகாப்டர் இறங்கி ஆளை ஏற்றிச் சென்றது.

எந்த வெயில் ஆளைச் சாய்க்கிறதோ, அதே வெயில் காப்பாற்ற வருகிறவனையும் தடுக்கிறது.

மழை பெய்யாமலே வெள்ளம்

பாலைவனத்தில் தண்ணீர் இல்லாமல் சாவது ஒரு பக்கம். தண்ணீரில் மூழ்கிச் சாவது இன்னொரு பக்கம்!

1997-ம் வருடம் ஆகஸ்டு 12-ந் தேதி. அரிசோனாவில் "ஆன்டிலோப் கேன்யன்". இரண்டு பக்கமும் வழவழப்பான பாறைச் சுவர். நடுவே ஆள் நுழையும் சந்து. அழகைப் பார்க்க ஒரு கூட்டம் உள்ளே இறங்கி இருந்தது. எங்கோ மைல் கணக்கில் தள்ளி மலையில் இடி மழை கொட்டியது. சந்துக்குள் இருந்தவர்களுக்கு அது தெரியாது. பாறையும் காய்ந்த மண்ணும் மழையைக் குடிக்காது, அப்படியே உருட்டிவிடும். மேட்டு நிலத்தில் விழுந்த தண்ணீர் எல்லாம் ஒன்று சேர்ந்து சந்துக்குள் சீறிப் பாய்ந்தது. 11 பேர் பலி!

ஆகவே, தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கிறதா என்று பார்த்தால் போதாது. தண்ணீர் எந்தப் பக்கத்தில் இருந்து வருமோ, அந்தப் பக்கத்து வானத்தைப் பார்க்க வேண்டும். இடி மின்னல் அறிவிப்பு இருந்தால் சந்துக்குள் நுழையக் கூடாது. காய்ந்த ஓடைப்படுகை மெத்தை மாதிரி இருக்கிறதே என்று கூடாரம் அடிக்கக் கூடாது.

குளிரும் சும்மா விடாது. குளிர்காலத்தில் அதே மரணப் பள்ளத்தாக்கின் உயர்ந்த சிகரங்களில் பனி உறையும். பகல் சூட்டை நம்பி ஒற்றைச் சட்டையோடு போனவர் இரவில் விறைத்துப் போவார்.

கருவி காட்டிய வழி

2009-ம் வருடம் ஆகஸ்டு மாதம். ஒரு தாயும் அவருடைய சின்ன மகனும் ஜீப்பில் மரணப் பள்ளத்தாக்குக்கு வந்தார்கள். வழிகாட்டும் கருவி சொன்ன பாதையில் வண்டி போனது. அது நடமாட்டம் இல்லாத பாதை. சக்கரம் மணலில் இறங்கிவிட்டது. செல்போனில் தொடர்பு இல்லை. 5 நாள் கழித்துத்தான் காவலர் ஒருவர் கண்டுபிடித்தார். தாய் உயிரோடு இருந்தார். மகன் இல்லை.

கருவிக்குப் பாதை தெரியும். பாதையின் நிலைமை தெரியாது. போன மழையில் அடித்துப் போனதும் அதற்குத் தெரியாது. வரைபடக் கோட்டை நம்பி அந்த ஜெர்மனிக்காரர்கள் போனார்கள். கருவியின் குரலை நம்பி இந்தத் தாய் போனார். தரை சொல்வதுதான் கடைசித் தீர்ப்பு. பாதை மோசமாகத் தெரிந்ததுமே திரும்பிவிட வேண்டும். "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்ற வார்த்தைதான் ஆளைக் கொல்லும் வார்த்தை.

127 மணி நேரம்

2003-ம் வருடம் ஏப்ரல் 26-ந் தேதி. யூட்டா மாநிலத்தில் "புளூஜான் கேன்யன்" என்ற பாலைவனப் பாறை இடுக்கு. ஆரோன் ரால்ஸ்டன் என்ற வாலிபர் தனியாக இறங்கினார். என்ஜினீயர் வேலையையே உதறிவிட்டு மலைக்கு வந்தவர். கைதேர்ந்த மலையேறி. நடுவழியில் ஒரு பாறை உருண்டது. சுமார் 360 கிலோ. அவருடைய வலது கையைச் சுவரோடு சேர்த்து நசுக்கிப் பிடித்துக் கொண்டது.

இழுத்துப் பார்த்தார். கொத்திப் பார்த்தார். பாறை அசையவில்லை. தண்ணீர் அரை லிட்டர்கூட இல்லை. கூப்பிட்டால் கேட்க ஆள் இல்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய இடி ஒன்று. அவர் எங்கே போகிறார் என்று யாரிடமும் சொல்லவில்லை! யார் தேடுவார்கள்? தேடினாலும் எங்கே தேடுவார்கள்?

5 நாள் கழித்து, எலும்பை முறித்து, மழுங்கிய கத்தியால் தன் கையைத் தானே அறுத்துக் கொண்டு வெளியே வந்தார். ரத்தம் ஒழுக, ஒற்றைக் கையால் கயிறு பிடித்து 20 மீட்டர் இறங்கினார். மைல் கணக்கில் நடந்தார். வழியில் சுற்றுலா வந்த ஒரு குடும்பம் பார்த்து உதவியது. அதற்குள், "ஆள் வேலைக்கு வரவில்லையே" என்று தேடலும் தொடங்கி இருந்தது. ஹெலிகாப்டர் வந்தது. பிழைத்தார்.

இந்தக் கதை 2010-ம் வருடம் "127 மணி நேரம்" என்று பொருள்படும் பெயரில் ஆங்கிலப் படமாக வந்தது. அந்தப் படத்துக்கு இசை யார் தெரியுமா? நம்ம ஏ.ஆர்.ரகுமான்! பின்னணி இசை, பாட்டு இரண்டுமே ஆஸ்கார் பரிசுக்குப் பரிந்துரை ஆயின.

படம் பார்த்தவர்கள் கையை அறுக்கும் காட்சியைத்தான் பேசினார்கள். பேச வேண்டியது வேறு. போகும் முன் யாரிடமாவது ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தால், குறித்த நேரத்தில் திரும்பவில்லை என்றதும் தேடல் நேராக அந்த இடுக்குக்கே போயிருக்கும். கை பிழைத்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

என்ன செய்ய வேண்டும்?

நம் ஊர்க்காரர்கள் பலருக்கு மகனோ மகளோ கலிபோர்னியாவிலும் அரிசோனாவிலும் வேலை பார்க்கிறார்கள். லீவு நாளில் காரை எடுத்தால் சில மணி நேரத்தில் பாலைவனம். பார்க்கப் போகும் அப்பா அம்மாவும் கூடவே கிளம்பிவிடுகிறார்கள். அழகான இடம்தான். போக வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. காவலர்களும் மீட்புக் குழுவினரும் சொல்வதைக் கேட்டுப் போனால் போதும்.

1. எங்கே போகிறோம், எந்தப் பாதை, எந்த வண்டி, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று எழுதி, ஊரில் இருக்கும் ஒருவரிடம் கொடுக்க வேண்டும். "இத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் போலீசைக் கூப்பிடு" என்றும் சொல்ல வேண்டும். பிறகு சொன்ன பாதையை மாற்றக் கூடாது.

2. ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர் தண்ணீர். வண்டியில் தனியாக இன்னும் கொஞ்சம். உப்பு சேர்ந்த தின்பண்டம்.

3. மரணப் பள்ளத்தாக்கின் தாழ்வான பகுதிக்கு நவம்பர் முதல் மார்ச் வரைதான் நல்ல காலம். கோடையில் காலை 10 மணிக்கு மேல் அங்கே நடை வேண்டாம்.

4. அகலத் தொப்பி, தளர்வான முழுக்கைச் சட்டை, மூடிய காலணி. பையில் விசில், சின்னக் கண்ணாடி, டார்ச் விளக்கு. மூன்று முறை விசில் என்றால் "ஆபத்து" என்று பொருள். கண்ணாடியில் வெயிலைப் பிடித்துக் காட்டினால் விமானத்துக்கும் தெரியும்.

5. செல்போனை மட்டும் நம்பக் கூடாது. மலையில் பெரும்பாலான இடத்தில் தொடர்பு கிடைக்காது. செயற்கைக்கோள் வழியாக அபாயச் செய்தி அனுப்பும் கருவிகள் கடையில் கிடைக்கின்றன. 2022-ம் வருடத்தில் இருந்து சில செல்போன்களிலேயே அந்த வசதி வந்துவிட்டது.

6. வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டுப் போகக் கூடாது. மனிதனைவிட வண்டி பெரிது. வானத்தில் இருந்து முதலில் கண்ணில் படுவது அதுதான். ஆனால் வெயிலில் உள்ளே உட்காரக் கூடாது, அடுப்பாகிவிடும். வண்டியின் நிழலில் இருக்க வேண்டும்.

7. கண்ணுக்குத் தெரியாத பாறை இடுக்கில் கை வைக்கக் கூடாது. பாம்பு, தேள் இருக்கும். பழைய சுரங்கத்துக்குள் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. உள்ளே கிணறு மாதிரி குழி இருக்கும். விஷ வாயு இருக்கும்.

8. கூட வருபவர் உளறினாலோ, தடுமாறினாலோ, காரணம் இல்லாமல் எரிந்து விழுந்தாலோ, அது கோபம் இல்லை. மூளைக்கு வெயில் ஏறுகிறது என்று அர்த்தம். உடனே நிழல். உடம்பில், துணியில் தண்ணீர் ஊற்ற வேண்டும். விசிற வேண்டும். உதவி கேட்க வேண்டும். "கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்" என்று நடக்க வைத்தால் ஆள் போய்விடுவார்.

"போயிட்டு வர்றேன்"

இதில் முதல் விஷயத்துக்குச் செலவே இல்லை. ஒரு துண்டுக் காகிதம். நாலு வரி. அவ்வளவுதான். அந்த நாலு வரி ஜெர்மனியில் ஒருவர் கையில் இருந்திருந்தால், தேடல் 3 மாதம் முன்பே அந்த மலைக்குப் போயிருக்கும். பாலைவனத்தில் 3 மாதம் என்பது ஒரு யுகம். ஒரு நாள், இரண்டு நாளில் முடிந்துபோகும் கணக்கு அது.

நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. வாசலைத் தாண்டும்போது "போறேன்" என்று சொல்ல விடமாட்டார்கள். "போயிட்டு வர்றேன்னு சொல்லுடா" என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். சகுனத்துக்காகச் சொல்வது என்று நினைத்துச் சிரிப்பவர்கள் உண்டு.

மலைக்குப் போகிறவர் அதோடு இரண்டு வார்த்தை கூடச் சேர்த்துச் சொல்லட்டும். எங்கே போயிட்டு, எத்தனை மணிக்கு வர்றேன்.

வீட்டில் இருப்பவர் அதைக் குறித்து வைத்துக் கொள்ளட்டும். மணி தாண்டினால் தயங்காமல் போனை எடுக்கட்டும்.